கோணி பிறந்த வீடு

மச்சாகோஸ் ஊரில் சியோகாவுக்குத் தெரியாத சங்கதி என்று ஏதாவது இருந்தால், அது அவள் அசந்து தூங்கிய நேரத்தில் நடந்ததாகத்தான் இருக்கும். மட்டாட்டு வேன்கள் நிற்கும் இடத்துக்கு எதிரே முடி பின்னும் கடை வைத்திருப்பவள். ஒரு தலையைப் பின்னி முடிக்க ஐந்து மணி நேரம் ஆகும். ஐந்து மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து எழுந்த பெண் ஒருத்தியை அவள் இன்னும் பார்க்கவில்லை.

கேட்டதை அன்றே கை மாற்றிவிடுவதுதான் அவள் வழக்கம். ஒன்றே ஒன்றை மட்டும் இரண்டு வருடமாக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்தாள். அது உள்ளே இருந்து கதவை இடித்துக்கொண்டே இருந்தது.

'கோணி' என்ற வார்த்தையைப் பெற்றவள் அவள்தான்.

இப்போது நைரோபிவரை எல்லார் வாயிலும் அதுதான். பூமி சப்பாத்தி மாதிரி தட்டை என்று யாராவது சொன்னால் அவன் கோணி. பச்சைக் கார் எதிரே வந்தால் மழை நின்றுவிடும் என்பவள் அரைக்கோணி. இதையெல்லாம் பிரசங்கம் செய்து நாலு பேரைச் சேர்த்துவிட்டால் முழுக்கோணி. பால் குடித்தால் படித்தது மறந்துவிடும் என்று பரீட்சைக்கு முன்னால் அதைத் தொடாத பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட 'குட்டிக்கோணி' என்று பெயர். காலை வானொலியில் ஒருவன் தினமும் 'இன்றைய கோணி யார்' என்று கேட்டு நேயர்களைப் பேசச் சொல்கிறான்.

அந்தக் கோணி உண்மையில் தொங்கியது சியோகாவின் பக்கத்து வீட்டில். கொத்தனார் கித்தோமேயின் வீட்டுச் சுவரில், முன்பணம் கட்டும் மின் மீட்டர்மேல். அந்த மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். மனைவி மும்புவா சிரிக்கும்போது அது வேகமாகச் சிமிட்டுகிறது என்று கித்தோமே ஒருநாள் கண்டுபிடித்தார். அதிலிருந்து அவர் போன தூரம் கொஞ்சநஞ்சமில்லை. வீட்டில் எத்தனை பேர், எவ்வளவு உகாளிக் களி கிண்டுகிறார்கள், யாரைத் திட்டுகிறார்கள் என்று எல்லாவற்றையும் மீட்டர் மேலிடத்துக்குச் சொல்லிவிடுகிறதாம். உருளைக்கிழங்கு வந்த சணல் சாக்கை எடுத்து அதன்மேல் மாட்டினார். பணம் கட்டிய எண்ணைத் தட்டும் நேரம் மட்டும் சாக்குக்குள் கையை விடுவார், கன்று ஈனும் பசுவுக்கு உதவுகிறவர் மாதிரி.

இரண்டு வருடத்துக்கு முன் கடையில் ஒருத்தி, தன் மாமனார் நிலா வெளிச்சத்தில் உப்பைக் காயவைத்துத்தான் சாப்பிடுகிறார் என்று சொல்லி அழுதாள். அப்போதுதான் சியோகாவ் சீப்பை வாயில் கவ்வியபடி, "விடுடி, அவரும் கோணி மாட்டுற ஜாதிதான்" என்றாள். எந்தக் கோணி என்று தெரியாமலே கடை முழுதும் சிரித்தது. தங்கையை அழைத்துப்போகக் காத்திருந்த ஒரு வேன் கண்டக்டரும் சிரித்தான். மறுநாள், சக்கரத்துக்கு மேல் உட்கார்ந்தால் ரத்தம் கீழே இறங்கிவிடும் என்று சண்டை போட்ட பயணியை அவன் "கோணி" என்றான். வேன் நைரோபிக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து அந்த வார்த்தை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வானொலி வழியாக ஊருக்குத் திரும்பியது.

கித்தோமேக்கும் அந்த வார்த்தை மிகவும் பிடித்துப்போனது. தெருவில் பாதிப் பேரை அவர் கோணி என்றுதான் அழைப்பார். அது தன் வீட்டுச் சுவரிலிருந்து இறங்கிப் போனது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சியோகாவும் மும்புவாவும்தான்.

கித்தோமேயின் மகள் வயூவாவுக்கு ந்தேயோ என்ற நிச்சய விருந்து வைத்திருந்த சனிக்கிழமை காலை, மும்புவா பின்பக்கமாக ஓடிவந்து சியோகாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒருநாள், அடியே. ஒரே ஒருநாள் உன் வாயக் கட்டி வை."

"நான் என்னத்தப் பேசப்போறேன்?"

"மாப்பிள்ளையோட சித்தப்பா வர்றாரு. ரிட்டயர்டு வாத்தியாரு. வார்த்தையெல்லாம் எங்க பொறந்துச்சுன்னு தேடித்தேடி நோட்டுல எழுதுறவராம். நீயும் அவரும் ஒரே கூடத்துல இருக்கப்போறீங்கன்னு நெனச்சாலே எனக்குப் பயமா இருக்கு."

சியோகாவுக்குப் பயம் வரவில்லை. ஆசைதான் வந்தது. வார்த்தை பிறந்த இடத்தைத் தேடுகிற ஒரு மனிதர், நோட்டும் கையுமாக, இவள் வாசலுக்கே வருகிறார். கடவுள் சும்மாவா அனுப்புவார்?

மும்புவா அவள் முகத்தைப் படித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரரப் பத்தி உனக்குத் தெரியும்ல? நாற்காலி ஆடுதுன்னு சொந்த அண்ணன் வீட்டு விருந்துலயே சாப்பிடாம எந்திரிச்சு வந்த மனுஷன். இன்னைக்கு அவரு கறிய வாயில வைக்கலன்னா என் பொண்ணு கதி என்ன?"

அதுதான் விஷயம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் ஆடுகளில் ஒன்றை அங்கேயே அறுத்து, இரண்டு பக்கமும் சேர்ந்து உண்ண வேண்டும். பெண்ணின் அப்பா முதல் துண்டைக் கடித்து விழுங்கினால்தான் ந்தேயோ முடிந்தது என்று கணக்கு. அவர் தட்டைத் தள்ளிவிட்டால் மற்ற ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த வழியே போக வேண்டியதுதான்.

"என் நாக்கு மேல சத்தியம்" என்றாள் சியோகாவ். மும்புவாவுக்கு அந்த ஈடு போதுமானதாகத் தோன்றவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பத்து மணிக்கெல்லாம் பாட்டோடு வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை கியேமா கழுத்துப்பட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான். சித்தப்பா முத்தியானி ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் நீலநிற நோட்டு. சுவரிலிருந்த சாக்கை மும்புவா கெஞ்சிக் கூத்தாடி எடுத்துவிட்டு, தன் புது லேசோத் துணியை மடித்து மீட்டர்மேல் மாட்டியிருந்தாள். மஞ்சளும் சிவப்புமாக அழகாகவே இருந்தது. விருந்தாளிகள் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆடு அறுபட்டது, வெந்தது. முன்னந்தொடை கித்தோமேயின் தட்டுக்கு வந்தது. அவர் கத்தியை எடுத்தார். வயூவா உள் கதவோரம் நின்று மூச்சை அடக்கினாள். இன்னும் ஒரு நிமிஷம்தான், சியோகாவின் நாக்குக்கும் விடுதலை.

பாழாய்ப்போன நேரம், கித்தோமேயின் கண் எதிரே உட்கார்ந்திருந்த மச்சான்மேல் விழுந்தது. அவர் குடிக்கும் தண்ணீரில் ஒரு துருப்பிடித்த ஆணியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களா சம்பந்தி?" என்று கித்தோமே கத்தியாலேயே காட்டினார். "உடம்புக்கு இரும்புச் சத்தாம். என் பொண்டாட்டியோட அண்ணன். முழுக்கோணி."

கூடம் சிரித்தது. மச்சானும் சிரித்துக்கொண்டே ஆணியைக் கலக்கினார்.

முத்தியானியின் கை தானாக நோட்டுக்குப் போனது. "அந்த வார்த்தையத்தான் நான் எட்டு மாசமா தொரத்திட்டிருக்கேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

"மொதல்ல சாப்பிடுங்க, ஆறிப்போகுது" என்றாள் மும்புவா.

"இரு, நல்ல விஷயம் பேசுறாங்க." கித்தோமே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "எனக்குத் தெரியும், வாத்தியாரே. மூளைய வீட்டுல சாக்குல கட்டி வச்சிட்டு வர்றவன். அதான் கோணி."

"இல்ல மாமா, அது நைரோபி வார்த்தை" என்றான் மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன். "எங்க பேட்டைல ஒரு கோல்கீப்பர், கோல்கம்பத்துல சாக்குத்துணி கட்டினாத்தான் ஆடுவான். அவன வச்சி வந்துச்சு."

"அட போப்பா, பழைய கடற்கரை வார்த்தை அது. கப்பல்காரங்க சொன்னது" என்றார் இன்னொருவர். அவர் கடலையே பார்த்ததில்லை என்பது சியோகாவுக்குத் தெரியும்.

ஆளாளுக்கு ஒரு பிறந்த ஊர் சொன்னார்கள். பெற்றவள் தண்ணீர்ச் செம்பும் கையுமாக நடுவில் நின்றுகொண்டிருந்தாள். உதட்டைக் கடித்தாள். செம்பை வைத்தாள், எடுத்தாள். மும்புவா கண்ணாலேயே அவளைச் சுவரோடு சேர்த்து அறைந்து வைத்திருந்தாள்.

முத்தியானி நோட்டைப் புரட்டினார். "எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கேன். ஆனா போன மாசம்தான் சரியான ஆள் கெடைச்சாங்க. கிடுயியில முடி பின்னுற அம்மா ஒருத்தங்க. தான்தான் மொதல்ல சொன்னேன்னு அடிச்சுச் சொல்றாங்க. சாக்குக்குள்ள தலைய விட்டு ஜெபம் பண்ணின ஒரு ஆளப் பாத்துச் சொன்னாங்களாம். அதையே எழுதி முடிச்சிரலாம்னு இருக்கேன்."

கிடுயிக்காரியா? அவளை சியோகாவுக்கு நன்றாகத் தெரியும். நேர்வகிடு எடுக்கத் தெரியாதவள். வகிடு ஆற்றுவழி மாதிரி வளைந்து போகும்.

"எழுதாதீங்க."

சொன்னது யார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சியோகாவும் திரும்பிப் பார்த்தாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

"ஏன்மா?" என்றார் முத்தியானி.

"அது... இந்த ஊரு வார்த்தை, வாத்தியாரே. மச்சாகோஸ்."

"மச்சாகோஸ்ல எங்க?"

மும்புவா கண்களை மூடிக்கொண்டாள்.

"என் கடையில. நான்தான் சொன்னேன்."

முத்தியானி பேனா மூடியைக் கழற்றிய வேகத்தில் அது கறிச்சட்டிக்குள் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. கித்தோமேயோ நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "அடிப்பாவி, சியோகாவ்! பக்கத்து வீட்டுலயே இருந்துகிட்டு எங்கிட்ட சொல்லலியே. யாரு அந்தக் கழுத? யாரப் பாத்துச் சொன்ன?"

தட்டில் தொடை அப்படியே இருந்தது. ஒரு துண்டு கூட வெட்டியிருக்கவில்லை.

"என்... மாமா ஒருத்தர், அண்ணே. மக்குவேனியில. நீங்க பாத்ததில்ல."

"என்ன பண்ணாரு உங்க மாமா? சும்மா சொல்லு, சம்பந்தி வீடெல்லாம் நம்ம வீடு மாதிரிதான்."

இங்கேதான் சியோகாவ் கெட்டாள். மாமா உப்பைக் காயவைத்தார் என்று சொல்லியிருக்கலாம். தொப்பி போட்டுக்கொண்டு தூங்கினார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது வருடமாகக் கதை சொல்லி வயிறு வளர்த்த நாக்கு அது. கூடம் முழுக்கக் காதைக் கொடுத்துக் காத்திருக்கும்போது சப்பென்று ஒன்றைச் சொல்ல அதற்கு வரவில்லை. இருப்பதிலேயே நல்லது எதுவோ அது தானாக வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"மீட்டருக்குக் கோணி மாட்டினாரு."

யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். முத்தியானியின் பார்வை மெதுவாகச் சுவருக்கு ஏறியது. மஞ்சள் லேசோவின் மடிப்புக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டு சிமிட்டிக்கொண்டிருந்தது. வாத்தியார் வீட்டைப் பார்த்தார், கித்தோமேயைப் பார்த்தார், கடைசியில் சியோகாவைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்ததை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தில் முப்பது வருடம் பார்த்தவர் அவர்.

கித்தோமே எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. வயூவா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"மீட்டருக்கா?" என்றார் கித்தோமே.

"அண்ணே, நான் வேணும்னு..."

"மின் மீட்டருக்கா? சிவப்பு வெளக்கு இருக்குமே, அதுக்கா?"

"ஆமா."

"அப்ப நான் ஒருத்தன் மட்டும் இல்ல."

கித்தோமே இரண்டு எட்டில் வந்து சியோகாவின் தோளைப் பிடித்துவிட்டார். கொத்தனாரின் கனத்த கை. "அஞ்சு வருஷமா, தங்கச்சி. அஞ்சு வருஷமா எனக்கு மட்டும்தான் இது தெரியுதான்னு நெனச்சு நெனச்சு... ராத்திரியெல்லாம் தூக்கம் கெடையாது. என் பொண்டாட்டியே என்ன ஒரு மாதிரிதான் பாக்குறா. மக்குவேனியிலயும் ஒரு மனுஷன் கண்டுபிடிச்சிருக்காரு. உசுரோட இருக்காரா?"

சியோகாவ் வாயைத் திறந்தாள். ஊரில் அத்தனை பேரின் முகத்தையும் படித்தவள், இந்த முகத்தை மட்டும் சாக்கோடு சேர்த்தே பார்த்துப் பழகியிருந்தாள். தனியாக இப்போதுதான் பார்க்கிறாள். உள்ளதைச் சொன்னால் இந்த முகம் என்ன ஆகும் என்றும் பார்த்தாள்.

"செத்துட்டாரு அண்ணே. போன வருஷம்."

"மீட்டராலயா?"

"வயசு. தொண்ணூத்தி ரெண்டு."

"தொண்ணூத்தி ரெண்டு!" கித்தோமே கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டீங்களா? மூடி வச்ச மனுஷன் தொண்ணூத்தி ரெண்டு இருந்திருக்காரு. அவரப் போயி ஊரே கிண்டல் பண்ணியிருக்கு. நானும்தான் பண்ணியிருக்கேன், அறியாம." சுவருக்குப் போய் லேசோவை உருவினார். அம்மணமாக நின்ற மீட்டரைக் கையால் மறைத்தபடி, ஐந்து வருடக் கண்டுபிடிப்பை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினார். மும்புவாவின் சிரிப்பு, விளக்கின் வேகம், உகாளி, மேலிடம். மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டார்கள். ஆணித் தண்ணீர் மச்சான் மட்டும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

முத்தியானியின் பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. எட்டு மாதம் தேடிய வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். வார்த்தையைப் பெற்றவள் இந்தப் பக்கம், வார்த்தைக்கு உடம்பு கொடுத்தவர் அந்தப் பக்கம். இப்படி ஒரு கொடுப்பினை வார்த்தை தேடுகிறவர்களுக்கு ஆயுசில் ஒருமுறைகூட வாய்ப்பதில்லை. உள் கதவோரம் நின்ற பெண்ணை அவர் ஒருமுறை பார்த்தார்.

"உங்க மாமா பேரு என்னம்மா?" என்றார் சியோகாவிடம், ரொம்ப மரியாதையாக.

"ந்செக்கா" என்றாள் அவள். அப்படி ஒரு மாமா அவளுக்கு அதுவரை இருந்ததில்லை.

"மக்குவேனி, ந்செக்கா. இறந்தப்ப வயசு தொண்ணூத்தி ரெண்டு." அவர் தெளிவான கையெழுத்தில் எழுதிக்கொண்டார். பிறகு நோட்டை மூடினார். "மொதல்ல சொன்னது யாருன்னு போடட்டும்?"

இரண்டு வருடமாகக் காத்திருந்த கேள்வி. "மச்சாகோஸ்ல ஒரு பொம்பளைன்னு போடுங்க, போதும்" என்றாள் சியோகாவ். அதைச் சொல்லும்போது பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது. கிடுயி என்று போடாமல் விட்டதே பெரிது என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

கித்தோமே தட்டுக்குத் திரும்பினார். தொடையிலிருந்து ஒரு பெரிய துண்டாக வெட்டி, ந்செக்காவின் பேரைச் சொல்லி வாயில் போட்டு, நன்றாக மென்று விழுங்கினார். பெண்கள் பக்கத்திலிருந்து குலவை கிளம்பியது. கியேமா கழுத்துப்பட்டையை ஒரேயடியாகக் கழற்றிப் பைக்குள் போட்டான். வயூவா அழுதுகொண்டே சிரித்தாள். மும்புவா வந்து சியோகாவின் இடுப்பில் நன்றாக ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, பிலாவுச் சோற்றில் பெரிய கறித்துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தாள்.

"சியோகாவ்" என்று கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து கித்தோமே, வாய் நிறையக் கறியோடு கூப்பிட்டார். "உங்க மாமா கோணிய ஒத்தையா மாட்டினாரா, ரெட்டையா?"

"ரெட்டை" என்றாள் சியோகாவ், கொஞ்சமும் யோசிக்காமல்.

கித்தோமே மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா?"