சேதுவில் முப்பத்தாறு முழுக்கு

எனக்கு வேண்டியிருந்தது ஒரு தீவு. அதில் கடலைப் பார்த்துக்கொண்டு, காலை நீட்டி, நாலு நாள் சும்மா உட்கார வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது ஒரு ஆசையாகவே தெரியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் காப்பி, இரவு ஒன்பதரைக்குத் தயிருக்கு உறை, நடுவில் மத்திய சர்க்கார் ஆபீசில் டைப்ரைட்டர் என்று பத்தொன்பது வருஷம் ஓடியவளிடம் கேட்டால்தான் அதன் அருமை தெரியும். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் நான் உட்கார்ந்ததெல்லாம் ஆபீஸ் நாற்காலியில்தான்.

எண்பத்தொன்றாம் வருஷம் எனக்கு எல்.டி.சி. பாக்கி இருந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு முறை இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போய்வர ஆபீஸ் டிக்கெட் செலவைக் கொடுக்கும். போகாவிட்டால் அது போனதுதான். முதல் தடவை நாத்தனார் பிரசவத்துக்கு வந்ததால் விட்டேன். இரண்டாம் தடவை அதே நாத்தனார், இரண்டாவது பிரசவம். இது மூன்றாவது தடவை. வெள்ளிக்கிழமைக்குள் எங்கே போகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இதையும் விட்டுக்கொடுத்தால் நான் மனுஷியே இல்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஸ்ரீகண்டனிடம் சொன்னேன். அவர் ஹைஸ்கூல் வாத்தியார், நல்ல மனுஷர். எதற்கும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார், வா என்று கிளம்பவும் மாட்டார்.

"தீவா? அங்கே என்ன இருக்கு?"

"தென்னை மரம், மணல், கடல்."

"தென்னை மரம் நம்ம கொல்லையிலேயே இருக்கே."

"அதுக்குக் கீழே துவைக்கிற கல்லும் இருக்கே!" என்றேன். அவர் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

சங்குமுகம் கடற்கரை எங்கள் வலியசாலையிலிருந்து அரைமணி நேரப் பஸ் பயணம். ஆனால் என் மாமியார் சுப்புலக்ஷ்மியம்மாளின் சட்டம் வேறு. நினைத்த நாளில் கடலைத் தொடக்கூடாது. அமாவாசை, கிரகணம் என்று நாள் பார்த்துத்தான் தொட வேண்டும். சுவாமியைக் கடலுக்கு நீராட்டக் கொண்டுபோகும் ஆராட்டு பார்க்கப் போனால்கூட நாங்கள் மணலோடு நின்று திரும்பிவிடுவோம். கோவளத்தில் வெள்ளைக்காரர்கள் நாள் கிழமை பார்க்காமல் நாள் முழுக்கக் கடலில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை என்றார்.

திங்கட்கிழமை ஆபீசில் செல்லபாயிடம் புலம்பினேன். நாகர்கோவில்காரி, லீவு செக்ஷன் முழுக்க அவள் கையில். லட்சத்தீவுக்குப் பெர்மிட் வேண்டும், கப்பல் வேண்டும். அந்தமானுக்கு மதராஸ் போய்க் கப்பல் ஏறினால் லீவெல்லாம் கப்பலிலேயே தீர்ந்துவிடும். டிக்கெட்டுக்குத்தான் ஆபீஸ் பணம், தங்கவும் சாப்பிடவும் என் பணம். அதுவும் கொஞ்சம்தான் இருந்தது.

செல்லபாய் பேனாவை மூடினாள். "எக்கா, ராமேஸ்வரம் போனா என்ன?"

"அது கோவிலாச்சே?"

"கோயிலு இருக்கட்டு. அது தீவுதானே? சுத்திலும் கடலு. பாலத்துல ரயிலு போவலேன்னா உள்ள போவ வழியே கிடையாது. மணலு வேணும்னாலும் கிடக்கு, தென்னை வேணும்னாலும் நிக்கி. சத்திரத்துல ரூம்பு மூணு ரூவா. இதுக்கு மேல ஒமக்கு என்ன தீவு வேணும்?"

நான் சுவரில் தொங்கிய இந்தியா படத்துக்கு எழுந்து போனேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தீவேதான். பிறந்ததிலிருந்து ராமேஸ்வரம், ராமேஸ்வரம் என்று கேட்டு வளர்ந்தவள், ஒரு நாளும் அதைத் தீவு என்று நினைத்ததில்லை. அங்கே போனவர்கள் யாரும் கடலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, ஜலதோஷத்தோடு திரும்பி வருவார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புண்ணிய க்ஷேத்திரம் போகிறேன் என்றால் வீட்டில் ஒருத்தர் வாய் திறக்க முடியாதே!

அதுதான் நான் செய்த தப்பு. வாய் திறக்காமல் இருப்பார்கள் என்று நினைத்தது.

சாயந்திரம் சொன்னவுடன் மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஒனக்கே தோணித்தா இது? பகவான் சங்கல்பமாக்கும்." அரைமணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஏழு வீட்டிலிருந்து தீர்த்தம் கொண்டுவரச் சொல்லிப் பாட்டில் வந்தது. எதிர்வீட்டு மாமி தானும் வரலாமா என்று கேட்டாள். மாமியார் திட்டம் போட்டுவிட்டார். முதல் நாள் இருபத்திரண்டு தீர்த்தம், மறுநாள் மாமனாருக்குத் தீர்த்த ச்ராத்தம், அன்று சாயந்திரமே ரயில். ச்ராத்தத்துக்கு மடியாகச் சமைக்க வேண்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. அது கேட்கிற விஷயமே இல்லை.

"நாலு நாள்னு லீவு கேக்கலாம்னு இருக்கேன்மா," என்றேன்.

"எதுக்கு நாலு? ரெண்டு நாள் மதி, போரும்."

அன்றிரவு எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். என் லீவு, என் எல்.டி.சி., என் தீவு. அதில் எனக்கு மிஞ்சியது ஓர் அடுப்பு. இங்கே இருக்கிற அடுப்பை விட்டு நானூறு கிலோமீட்டர் போய் இன்னொரு அடுப்பு!

அழுது முடித்தபிறகு மூளை வேலை செய்தது. ச்ராத்தத்துக்குக் கர்த்தா பிள்ளை. பிள்ளை வராவிட்டால் ச்ராத்தம் இல்லை. ச்ராத்தம் இல்லாவிட்டால் சமையல் இல்லை.

மறுநாள் காலையில் கேட்டேன். "ஏன்னா, ஆகஸ்டுல உங்களுக்கு ஸ்கூல்ல லீவு கிடைக்குமா?"

"எப்படிக் கிடைக்கும்? அதுவும் பத்தாம் கிளாஸ்."

"அப்போ நீங்க வரவேண்டாம்."

அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே! பெட்டி தூக்க வேண்டாம், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கு முண்ட வேண்டாம். நான் இல்லாத நாளெல்லாம் கிழக்கேகோட்டை ஓட்டலில் மசால்தோசை. அவர்தான் அம்மாவிடம் போய்ச் சொன்னார், ச்ராத்தம் பின்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று. மாமியார் முணுமுணுத்தார். எதிர்வீட்டு மாமியும், துணைக்கு ஆண்பிள்ளை இல்லாமல் அவள் வீட்டுக்காரர் அனுப்ப மாட்டார் என்று பின்வாங்கினாள்.

ஆனால் ரெண்டு நாள் இன்னும் ரெண்டு நாளாகவே இருந்தது. கடலைத் தொடக்கூடாது என்ற சட்டமும் அப்படியே இருந்தது.

புதன்கிழமை அமாவாசை. தர்ப்பணம் செய்துவைக்கப் புரோகிதர் வெங்கடகிருஷ்ண வாத்தியார் வந்தார். எல்லாம் முடிந்து அவர் காப்பி குடிக்கும்போது, மாமியார் காதில் விழுகிற தூரத்தில் நின்று கேட்டேன்.

"மாமா, ராமேஸ்வரத்துல கடல்ல முங்கறதுக்கும் நாள் பாக்கணுமா?"

"சேதுவுக்கு ஏதம்மா நாள்? மத்த எடத்துல சமுத்திரத்தைத் தொடத்தான் நாள் வேணும். சேதுவுல என்னிக்கும் ஸ்நானம் பண்ணலாம். பண்ணணும்." டம்ளரைக் கீழே வைத்தார். "முறைப்படி பாத்தா முப்பத்தாறு ஸ்நானம். இப்போ யார் பண்றா? அரைமணியிலே மொத்தமா முங்கி எழுந்து, ரயிலுக்கு ஓடறா."

மாமியார் கதவருகே வந்துவிட்டார்.

"அரைமணியிலேயா? அது என்ன ஸ்நானம்?" என்றார். அடுத்தவர்கள் எதையாவது சுருக்கிச் செய்கிறார்கள் என்று கேட்டால் அவருக்கு உடம்பு பதறும். மாமனார் இருந்த காலத்தில், நவராத்திரிக் கொலுவில் ஒரு படி குறைத்த வீட்டில் அவர் மூன்று வருஷம் தாம்பூலம் வாங்கவில்லை. "பின்னே முறை எப்படி?"

"நாளைக்கு ஒண்ணுன்னு முப்பத்தாறு நாள் இருப்பா அந்தக் காலத்துல."

"அவ்வளவு லீவு தரமாட்டா மாமா," என்றேன் பணிவாக. "ஒரு நாளைக்கு ஒம்பதுன்னு நாலு நாள் பண்ணலாமா? காலமே மூணு, மத்தியானம் மூணு, சாயந்திரம் மூணு?"

வாத்தியார் யோசித்தார். "பேஷாப் பண்ணலாம். மொத்தமா முங்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

"நடுவுல ரூமுக்கு வந்து சமைச்சு, மறுபடி போயி..." என்று இழுத்தேன்.

"எதுக்குச் சமைக்கணும்? யாத்திரையிலே மடத்துச் சாப்பாட்டுக்குத் தோஷமில்லை. கரையிலேயே இருந்துடுங்கோ. சேதுவைப் பாத்துண்டு இருக்கறதே விசேஷம்."

மாமியார் நிமிர்ந்தார். "நம்மாத்துல எதையும் சுருக்கிப் பண்ற வழக்கம் கிடையாது. நாலு நாள்னு எழுதிக் குடு, சூடாமணி."

நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரிசி டப்பாவைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். வெளியிலிருந்து மாமியார் குரல் கேட்டது.

"கேட்டியா? என் பென்ஷன்லே எனக்கும் டிக்கெட் எடுத்துடு. நானும் வரேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. நாலு நாள் பக்கத்தில் மாமியார். இதை உடுத்தாதே, அதைத் தொடாதே, ஏன் காலை நீட்டுகிறாய். ஆனால் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வெள்ளிக்கிழமை விண்ணப்பத்தைக் கொடுத்து, மாமியாரும் வருவதைச் சொன்னேன். செல்லபாய் முத்திரை குத்தும்போது, "போயிட்டு வாரும், எக்கா. கடலு பெரிசுதான்," என்று சிரித்தாள்.

ஆடி அமாவாசைக் கூட்டம் வடிந்தபிறகு, ஆகஸ்டில் கிளம்பினோம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மதுரைக்குப் பஸ், மதுரையிலிருந்து ரயில். பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் கடல். மாமியார் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஜபம் செய்கிறார் என்று நினைத்தேன். "எத்தனை பச்சைடி!" என்றார்.

வந்த அன்றே இருபத்திரண்டு கிணற்றுத் தண்ணீரையும் தலையில் கொட்டிக்கொண்டு, ஏழு பாட்டிலையும் நிரப்பி வைத்தோம். மறுநாள் விடிந்ததும் கடல். கோயில் கூட்டத்தை விட்டு வடக்கே தள்ளிப் போனால் ஆளில்லாத மணல், நாலைந்து தென்னை, கரையேற்றிய வள்ளம் ஒன்று. அலையே இல்லாத தண்ணீர். மூன்று முழுக்குப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்தோம். மாமியார் விறைப்பாகச் சப்பணமிட்டு இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ என்ன பண்ணணும்?" என்றார்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா."

"ஒண்ணுமேயா?"

"மத்தியானம்வரைக்கும் ஒண்ணுமில்லே."

அவர் கடலைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார். பதினாலு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவர். எனக்கு முன்னால் அந்த அடுப்படியில் நின்றவர் யார் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. அவர்தான். இத்தனை வருஷமும் அவரை அடுப்பின் கட்சி என்றே நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் அவர் காலை நீட்டினார். மூன்றாம் நாள் நண்டு ஒன்று அவர் புடவை நுனியில் ஏறியபோது கூச்சல் போட்டுச் சிரித்தார். மத்தியானம் மடத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு, தென்னை நிழலில் முந்தானையை விரித்துப் படுத்துத் தூங்கினார். பகலில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் சாயந்திரம் கடைசி மூன்று முழுக்கு. இடுப்பளவு தண்ணீரில் நின்று நான் எண்ணினேன். முப்பத்திநாலு. முப்பத்தஞ்சு. இன்னும் ஒன்று. ராத்திரி ரயில். நாளை மறுநாள் காலை ஐந்து மணிக் காப்பி.

மாமியார் முங்கவில்லை. முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு நின்றார். "எத்தனையாச்சு?"

"முப்பத்தஞ்சும்மா."

"எனக்கு முப்பத்திமூணுன்னு தோண்றது."

"இல்லேம்மா, நான் சரியா எண்ணினேன்."

"சந்தேகம் வந்துடுத்தே. சந்தேகத்தோட பண்ணினா பலன் கிடையாது. மொதல்லேந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்."

தகர டின்னைக் கையால் தூக்கிப் பார்த்தே எத்தனை முறுக்குக் குறைகிறது என்று சொல்லுகிறவர் அவர். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓரம் மட்டும் துடித்தது.

"இன்னும் நாலு நாளாம்மா?" என்றேன்.

"நாளைக்கு ஒம்பது முங்கறது ஜாஸ்திடி. எனக்கு மூச்சு வாங்கறது. இந்தத் தடவை ஆறு ஆறாப் போட்டா மதி."

முப்பத்தாறை ஆறால் வகுக்க எனக்குக் காகிதம் வேண்டியிருக்கவில்லை. ஈரப் புடவையைப் பிழிந்தபடியே தந்தி ஆபீசுக்கு ஓடினேன். செல்லபாய்க்கு ஒன்று, வீட்டுக்காரருக்கு ஒன்று. ஸ்நானம் தவறிவிட்டது, மறுபடி ஆரம்பம், இன்னும் ஆறு நாள் ஆகும் என்று எழுதிக் கொடுத்தேன். பத்தொன்பது வருஷம் ஆபீசில் ஊரார் கடிதத்தையெல்லாம் டைப் அடித்தவள், என் பெயரைக் கீழே போட்டு அனுப்பிய முதல் உத்தரவு அது. குமாஸ்தா வார்த்தைகளை எண்ணிப் பணம் கேட்டார். கொடுத்துவிட்டு, இருட்டுவதற்குள் கடற்கரைக்குத் திரும்பினேன்.