ஊதிப் பெருத்த பாட்டுகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பல் டாக்டரின் நாற்காலியில். வாயில் பஞ்சு, எதிர்க்கேள்வி கேட்க வழியில்லை. அவர் சொல்லச் சொல்ல, துளை போடும் மெஷின் பாதியை விழுங்கிவிட்டது. விழுங்கியதை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். ரொம்ப நம்ப வேண்டாம்.

2

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கி— (மழை வேண்டாம். இது பாட்டுக் கேட்கும் கதை.)

டாக்டருக்கு ஒரு சகலை. இருவருக்கும் பாட்டுக் கிறுக்கு. டாக்டரிடம் இருந்ததெல்லாம் எம்.பி.3: காது கவனிக்காது என்று சிலதை வெட்டி எறிந்து சுருக்கிய சின்ன ஃபைல்கள். சகலையிடம் எதையும் வெட்டாத ஃப்ளாக், பெரிய ஃபைல்கள். "என்னண்ணா, இன்னும் சக்கையைத்தான் கேக்கறீங்களா?" என்பார் ஒவ்வொரு விருந்திலும்.

ரோஷம் வந்த டாக்டர், தன் எம்.பி.3 அத்தனையையும் உட்கார்ந்து ஃப்ளாக்காக மாற்றினார். ஃபைல்கள் புசுபுசுவென்று வீங்கின. உடனே சகலைக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

மகள்தான் போட்டு உடைத்தாள். "வெட்டிப் போட்டது எப்படிப்பா திரும்பி வரும்? கறந்த பால் மடி புகுமா? சைஸ்தான் பெருசு." (பழமொழி என்னுடையது. அவள் "லூசாப்பா நீ?" என்றுதான் கேட்டிருப்பாள்.)

3

சகலை வந்தார். ஹெட்போனை மாட்டினார். கண்ணை மூடினார்.

"அண்ணா! பாடறவங்க மூச்சு விடறதுகூட கேக்குது! என்கிட்ட இருக்கறதுல இது இல்லையே!"

கல்யாணமான நாளிலிருந்து சகலை அவரைப் பாராட்டியது அதுவே முதல் முறை. உண்மை டாக்டரின் தொண்டை வரை வந்தது. பாராட்டு அதை உள்ளே தள்ளிவிட்டது. சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சகலை தன் லேப்டாப்பைத் திறந்தார். "எல்லாத்தையும் எனக்கு ஏத்திக் குடுங்க. இடமில்ல, என்னோடதை அழிச்சுடறேன். அதே பாட்டுங்கதானே."

"வேற காப்பி வச்சிருக்கீங்களா?"

"சிடியெல்லாம் எப்பவோ தூக்கிப் போட்டாச்சு."

விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

4

இங்கேதான் மெஷின் மறுபடி இரைந்தது. டாக்டரின் மாஸ்க்குக்குள் ஏதோ அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

முடிவு அ: உண்மையைச் சொல்லிவிடுகிறார். இரண்டு பேர் மானமும் ஒரே கப்பலில் ஏறுகிறது.

முடிவு ஆ: சொல்லவில்லை. சகலை ஆயுசுக்கும் சக்கையைக் கேட்டு "ஆகா" என்கிறார். யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுதிப் பார்த்தேன். கை கூசியது.

முடிவு இ: அந்த நேரம் பார்த்துக் கரண்ட்— (இல்லை. இது பித்தலாட்டம்.)

நான் மட்டும் யோக்கியமா? கேட்டது துண்டு துணுக்கு. ஊதிப் பெருக்கி, முழுக்கதை என்று உங்களிடம் நீட்டுகிறேன். அந்த மூச்சுகூட என் கைச்சரக்குதான்.

சகலையின் விரல் இன்னும் அங்கேயே நிற்கிறது. நாளெல்லாம் ஊரார் வாயைத் திறக்க வைக்கும் மனிதர், தன் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார். என் வாயில் பஞ்சு. நீங்களாவது சொல்லுங்கள்:

"டாக்டர், வாயைத் திறங்க."