முதல் கரண்டி

லூயிசா ஆற்று வளைவில் அந்த ஞாயிற்றுக்கிழமை இருந்தவர்கள் நாலு பேர். புகை அடிக்காத பக்கமாக அடுப்பருகே குந்தியிருந்தவள் மிரேயா. கரண்டி அவள் கையில். அவள் புருஷன், லாரி ஓட்டும் அனனியாஸ், பாறை மேல், கால்களைத் தண்ணீரில் விட்டபடி. முடிதிருத்தும் ஹெர்மோஹெனெஸ் கொய்யா மரத்தடியில், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு. எதிரே தட்டைக் கல்லில் நூபியா, கறுப்பு உடையில், கைப்பையை மடியை விட்டு இறக்காமல்.

நூபியாவின் கணவன் எவேலியோ இறந்து இரண்டு மாதமாகிறது. கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் அவன் இந்த மூவரோடு பானையும் கோழியும் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். ஞாயிறுதோறும் அவளைக் கூப்பிட்டான். ஞாயிறு சந்தை நாள், துணிக்கடையில் கூட்டம் அலைமோதும் நாள். "கடைய யாரு பாத்துக்குவா?" என்பாள். அதோடு பேச்சு முடியும்.

இப்போது கடையும் இல்லை, வீட்டையும் விற்றாயிற்று, காலி செய்ய மாதக் கடைசி வரை தவணை. தலைநகர் போகோத்தாவிலிருக்கும் மகள் லுசேரோ, அம்மாவுக்கென்றே ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டுக்குக் குடிபோயிருந்தாள். வரும் சனிக்கிழமை வண்டியோடு வருவதாகவும், சரியென்று ஒரு வரி எழுதினால் போதுமென்றும் கடிதம் போட்டிருந்தாள். வருகிறேன் என்று நூபியாவும் முன்பே வாக்குக் கொடுத்தாயிற்று. ஊரை விட்டுப் போகுமுன் ஒரு தடவையாவது வந்து போகட்டுமென்று மிரேயாதான் இழுத்து வந்திருந்தாள்.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றி ஆற்றில் காலை விட்டாள் நூபியா. தண்ணீர் சில்லென்று கணுக்காலைப் பிடித்தது. பொடிமீன்கள் வந்து விரல்களைக் கொத்தியதும் சிரிப்பு தானாக வந்தது. புருஷன் போன பிறகு சிரிப்பது இதுதான் முதல் முறை என்று பிறகுதான் உறைத்தது. எதிர்க்கரையில் மீன்கொத்தி ஒன்று விழுவதும் எழுவதுமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் போனதென்று தெரியவில்லை. கைப்பை எப்போதோ நழுவி மணலில் கிடந்தது.

மரவள்ளி குழைந்து, சோளக்கதிர் வெந்து, கொத்தமல்லி தூவியதும் மிரேயா சாற்றில் முதல் கரண்டியை, கோழித்தொடையோடு, நூபியாவின் கிண்ணத்தில் ஊற்றினாள். நூபியா கூசினாள், பெரியவர் ஹெர்மோஹெனெஸ் இருக்க முதலில் தனக்கா என்றாள்.

"எப்பவும் ஒனக்குத்தான் முதல்ல," என்றாள் மிரேயா.

"ஆமா அண்ணி," என்று அனனியாஸ் சேர்ந்துகொண்டான். "ஒங்க தூக்குவாளி நெறையுற வரைக்கும் எங்களக் கிண்ணத்தத் தொட விடமாட்டான் எவேலியோ, அந்தக் கஞ்சப்பய. நாங்க நாக்கத் தொங்கப்போட்டுக்கிட்டு நிப்போம். தொடைய நான் கண்ணால கண்டதே இல்ல."

தொப்பிக்கு அடியிலிருந்து ஹெர்மோஹெனெஸ் சிரித்தார்.

நூபியா சிரிக்கவில்லை. அந்தத் தூக்குவாளி ஞாயிறு சாயங்காலம் கடைப்பலகையில் வந்து உட்காரும். குடித்துக் கூத்தடித்தவர்களின் மிச்சம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். புகை நாறுகிறதென்று பாதி நாள் பக்கத்து வீட்டுப் பன்றிக்குக் கொட்டியிருக்கிறாள், அவன் பார்க்கவே. அடுத்த வாரமும் கொண்டுவந்தான்.

"புடிக்கலியா?" என்றாள் மிரேயா.

"நல்லாருக்கு," என்றாள் நூபியா. "சுடச்சுட இன்னிக்குத்தான் சாப்புடறேன்."

கிண்ணத்தை வழித்துக் குடித்தாள். புகை வாசம் அடிக்கத்தான் செய்தது.

வீடு திரும்பியதும் தாளை எடுத்தாள். நான் வரவில்லை என்று முதல் வரி எழுதினாள். மகள் பெரிய வீட்டுக்குக் கட்டும் வாடகை நினைவுக்கு வந்தது, கிழித்துப் போட்டாள். இங்கே தங்கினாலும் கூப்பிட அவன் இல்லை. வேறு தாளில், சனிக்கிழமை வரவேண்டாம், திங்கட்கிழமை வா, அன்றைக்கு உன்னோடு கிளம்பிவிடுகிறேன் என்று எழுதினாள். காரணம் எழுதாவிட்டால் பெண் கவலைப்படுவாளே என்று கீழே சேர்த்தாள்: "ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருக்க மாட்டேன். ஆற்றுக்குப் போகிறேன்."

உறையை நாக்கால் நனைத்து ஒட்டி, காலையில் போகோத்தா பஸ் ஓட்டுநரிடம் கொடுத்தாள்.