தட்டில் பிழைத்தவை

உருப்பெருக்கியில் கண்ணை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்று மறதி நோயின் நச்சுப் புரதம் விட்ட இரண்டு தட்டுகளில், ஒன்றில் மூளைச் செல்கள் சுருண்டு கிடந்தன. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த பொருளைச் சேர்த்த மற்றொன்றில், மெல்லிய கைகளை நீட்டி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. அது போதை தராத பொருள். ஆனாலும் அவள் வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் நமுட்டுச் சிரிப்புச் சிரிப்பார்கள். "கஞ்சா ஆபீசுக்குக் கெளம்பிட்டியா?" என்று முதலில் கிண்டலை ஆரம்பித்து வைத்தவள் அக்காதான். மறதி நோய் வந்த பிறகு, தங்கை வேலைக்குப் போகிறாள் என்பதே அக்காவுக்கு நினைவில் நிற்பதில்லை.

சந்தோஷம் தாங்காமல் அத்தானுக்குப் போன் போட்டாள். "பொழச்சிடுச்சு அத்தான்!" ஆய்வகத்தில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். பொழச்சுது, இல்லையென்றால் போச்சு. வீட்டில் அந்த வார்த்தைக்கு என்ன கனம் என்று அவள் யோசிக்கவில்லை.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனபோது, மேசைமேல் ஒரு சின்னப் பாட்டில் வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அத்தான் ஓய்வு பெறும்வரை பஸ் ஓட்டியவர். யாரிடமும் ஒரு டீகூடக் கேட்டு வாங்கிக் குடித்ததில்லை.

"ஒரு சொட்டு போதும்மா. ஒன் வேலைக்கு ஏதாவது ஆகும்னா வேணாம்."

ஆய்வகத்திலிருந்து எடுத்து வர முடியாததில்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வேலைக்காக இல்ல அத்தான். பொழச்சது தட்டுல இருக்குற செல்லு. மனுஷங்களுக்கு ஒத்துக்குமான்னு எங்க யாருக்கும் தெரியாது. தெரியாத ஒண்ண அக்கா வாயில ஊத்த என்னால முடியாது. நாந்தான் அவசரப்பட்டு ஆச காட்டிட்டேன். திட்டுங்க."

"ஒன்ன எதுக்குத் திட்டணும்? எனக்கும் தெரியும்மா. மனசு கேக்கல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குழந்தை மாதிரி அழுதார். இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு உள்ளறையிலிருந்து வந்த அக்கா, வாசற்படியிலேயே தயங்கினாள். பிறகு மெல்ல வந்து தங்கையின் காதோரம் குனிந்து, தெருவுக்கே கேட்கும்படி ரகசியம் பேசினாள்.

"யாருடி இவரு? நல்ல மனுஷனாத் தெரியுறாரு. பொண்டாட்டி ஏதாவது சொல்லிட்டாளா?"

அக்கா துண்டை எடுத்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "விடுங்க, சரியாப் போயிடும்" என்று கன்னத்தைத் துடைத்தாள். அத்தான் கண்களை மூடி, அசையாமல் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.