ஆழம் போதாத பள்ளம்

ரெட்டோ முதலில் பிஸ்டலை மேசையில் வைத்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரேயொரு தோட்டாவை எடுத்து, உருண்டு விழாதபடி பிஸ்டலுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி நிறுத்தினான்.

“வெடிக்கவில்லை,” என்றான். “உங்களை நம்பிச் செய்வித்த வேலை. வெடிக்கவில்லை.”

1987 ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை காலை அது. சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு கிழமையாகக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே இருபதைத் தாண்டி நின்றது. கடுஃப்பின் பட்டறையில் வேட்டைத் துவக்குகள் திருத்துவார்கள். பனிக்காலத்தில் சறுக்குப் பலகைகளுக்கு விளிம்பும் தீட்டுவார்கள். சிவநேசன் அங்கே இரண்டு வருடமாக வேலை செய்கிறான். அகதியாக வருமுன் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் லேத் மெசினில் நின்றவன். அதனால் பலகை தீட்டுவதோடு, முதலாளி கடுஃப் பக்கத்தில் நிற்கும்போது துவக்குகளைக் கழுவிப் பூட்டும் வேலையும் அவனுக்கு வரும்.

ரெட்டோ ஹோட்டல்களுக்கும் நகைக்கடைகளுக்கும் காவல் நிற்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் சுடுகழகத்தில் குறி பார்ப்பவன். இரண்டுக்கும் ஒரே பிஸ்டல்தான். விசை இறுக்கமாக இருக்கிறது, விரல் நினைத்த உடனே போகவேண்டும் என்று கேட்டு, கார்த்திகை மாதம் அதைக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கடுஃப், தோட்டாவைக் குத்தும் ஊசியை அடிக்கிற சுத்தியலின் சுருள்வில்லைக் கழற்றி மெல்லியதொன்று போட்டார். உரசும் இடங்களையெல்லாம் மினுக்கினார். கடைசியில் பூட்டிக் கொடுத்தவன் சிவநேசன்.

கடுஃப் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தோட்டாவின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். அதன் நடுவிலுள்ள சின்னத் தொப்பியை ஊசி குத்தினால்தான் மருந்து பற்றும். குத்தியிருந்தது. பள்ளமும் இருந்தது. ஆனால் நகத்தால் அழுத்தியது போல, மேலோட்டமாக.

“அடி போதவில்லை. எங்கே நடந்தது? கழகத்திலா?”

ரெட்டோ தோட்டாவைத் திரும்ப நிமிர்த்தி வைத்தான்.

“இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்து மணி. ஹோட்டலின் பின்பக்க ஒழுங்கையில்.”

“எதைச் சுட்டாய்?”

“ஒரு ஆளை.”

சிவநேசன் தீட்டும் மெசினை நிறுத்தினான்.

“முகம் முழுக்கத் துணி. கண் மட்டும்தான் தெரிந்தது,” என்றான் ரெட்டோ. “போன கிழமை பக்கத்து ஊரில் நகைக்கடைக்குள் புகுந்தவர்களும் அப்படித்தான் வந்தார்கள். ‘ஹால்ற்’ என்று கத்தினேன். நின்றான். நின்ற வேகத்திலேயே கையை ஜாக்கெட்டுக்குள் விட்டான். நான் விசையை இழுத்தேன். இழுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது, அது தானாகப் போனது. டிக். அவ்வளவுதான். திரும்ப இழுப்பதற்குள் அவன் கை வெளியே வந்துவிட்டது. கையில் அகதி அட்டை. அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு நிற்கிறான்.”

“என்ன துணி?” என்று சிவநேசன் கேட்டான்.

“என்ன?”

“முகத்தில் கட்டியிருந்த துணி.”

“நீலக் கட்டம் போட்டது. மேசைவிரிப்பு மாதிரி. ஏன் கேட்கிறாய்?”

சிவநேசன் கையிலிருந்த அரத்தை மெதுவாகக் கீழே வைத்தான்.

அது மேசைவிரிப்பு அல்ல, இடுப்பில் உடுத்தும் சாரம். சிவநேசனோடு ஒரே அறையில் இருக்கும் பாலேந்திரன் அண்ணையின் சாரம். கம்பளி மப்ளர் கழுத்தைக் கடிக்கிறது என்று, வேலைக்குப் போகும்போது அதைத்தான் தலையோடும் முகத்தோடும் சுற்றிக் கட்டுவார். அந்த ஹோட்டலில் அவருக்குப் பாத்திரம் கழுவும் வேலை. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, சோற்றைப் பிசைந்தபடி அவர் சொன்ன கதை இப்போது வரி வரியாக ஞாபகம் வந்தது.

“இண்டைக்கு ஒரு செக்கியூரிட்டி என்னை மறிச்சவனடா. ‘ஹால்ற்’ எண்டு குழறினான் பார், எங்கட ஊர்ச் சென்றியில மறிக்கிற ஆமிக்காரன்கூட அப்பிடிக் குழறேல்லை. நான் விடுவனோ? அவன் வாய் மூட முன்னம் அட்டையை எடுத்து நீட்டிப்போட்டன். இருட்டுக்குள்ள அவன் ரோச் லைற்றை அமத்தினான், எரியேல்லை. டிக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். சுவிஸ்காரன்ர ரோச்சும் எங்கட ரோச் மாதிரித்தான் போல.”

சிவநேசன் அதைக் கேட்டு வாயில் சோற்றோடு சிரித்திருந்தான்.

ரெட்டோ புறப்பட்டான். நேற்று லீவு எடுத்தானாம், இன்றும் லீவு. நாளை பின்னேரம் திரும்ப அதே இடத்தில் காவல். அதற்குள் பிஸ்டல் வேண்டும்.

கடுஃப் பிஸ்டலை நிலவறைக்குக் கொண்டுபோய் மணற்பெட்டிக்குள் சுட்டார். பத்துக்குப் பத்தும் வெடித்தன. வேறு பெட்டித் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தார். அவையும் வெடித்தன. “தோட்டாவில் பிழை இல்லை. வில் மெல்லியதுதான், ஆனால் போதும்,” என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டு ஊசியின் முனையை உருப்பெருக்கியால் பார்த்தார். உடையவில்லை, தேயவில்லை. சுத்தியல் எங்கும் உரசவுமில்லை. “இங்கே வேலை செய்கிறது. அங்கே ஏன் செய்யவில்லை?”

சிவநேசனுக்கு விடை தெரிந்துவிட்டது.

“வெளியே வைத்துப் பார்ப்போம்,” என்றான்.

ஒரு மணித்தியாலம் பிஸ்டல் பின்முற்றத்தில், பனி மூடிய மரப்பெட்டியின் மேல் கிடந்தது. பிறகு கடுஃப் மருந்தும் குண்டும் இல்லாமல் தொப்பி மட்டும் பூட்டிய வெறும் தோட்டாக் கோதுகளைப் போட்டு விசையை இழுத்தார். டிக். இன்னொன்று. டிக். எடுத்துப் பார்த்தால் அதே பள்ளம், ஆழம் போதாத அதே பள்ளம்.

உள்ளே வந்து கழற்றினார்கள். ஊசி ஓடும் துவாரம் நிறையக் கிறீஸ். குளிரில் மெழுகாக இறுகியிருந்தது.

காங்கேசன்துறையில் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் கடல். உப்புக் காற்றில் எந்த இரும்பும் நாலு நாளில் துருப்பிடிக்கும். அதனால் இடைவெளி கண்ட இடமெல்லாம் கிறீஸை அடைத்துவிடுவது அங்கே வேலை செய்தவர்களின் கைப்பழக்கம். கார்த்திகை மாதம் கடுஃப் இரண்டு துளி மெல்லிய எண்ணெய் என்றுதான் சொல்லியிருந்தார். பனியும் ஈரம்தானே என்று நினைத்துச் சிவநேசனின் கை தன் பாட்டில் வேலை செய்திருந்தது.

கடுஃப் ரெட்டோவுக்கு ரெலிபோன் எடுக்க முன்னறைக்குப் போனார். சிவநேசன் துவாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பாலேந்திரன் அண்ணை உயிரோடு இருப்பது இந்த அழுக்கு மெழுகால். அவர் நெஞ்சுக்கு நேரே விசை அவ்வளவு லேசாகப் போனதும் இதே மேசையில் நடந்த வேலையால். துடைத்தால் நாளை ஐந்து மணிக்கு இது வெடிக்கும். துடைத்ததாகச் சொல்லி அப்படியே பூட்டிக் கொடுத்தால் வெடிக்காது. பூட்ட இரண்டு நிமிடம் போதும். ஆனால் ரெட்டோவுக்கு முன்னால் ஒருநாள் உண்மையான கள்ளனும் நிற்கக்கூடும். அப்போது டிக் என்று கேட்டால் சாவது ரெட்டோ.

கடுஃப் திரும்பி வந்தபோது சொன்னான்.

“கிறீஸ் போட்டது நான். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த ஆள் என் அறையில்தான் இருக்கிறார்.”

கடுஃப் நின்ற இடத்திலிருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்தார்.

“கிறீஸ் உன்னுடையது,” என்றார். “மெல்லிய வில் என்னுடையது. காவலுக்குப் போகும் பிஸ்டலில் நான் அந்த வேலையைச் செய்திருக்கவே கூடாது.”

பழைய வில்லைத் தேடி எடுத்துப் போட்டார். துவாரத்தைத் தானே கழுவினார். வெளியே வைத்துச் சோதித்தபோது ஒவ்வொரு முறையும் ‘பட்’ என்றது. மூன்றாவது சத்தத்துக்குச் சிவநேசன் கண்ணை மூடிக்கொண்டான்.

நாலு மணிக்கு ரெட்டோ வந்தான். கடுஃப் நடந்ததைச் சொல்ல, சிவநேசன் மிச்சத்தைச் சொன்னான்.

“அவர் பெயர் பாலேந்திரன். அங்கே பாத்திரம் கழுவுகிறார். தினமும் ஐந்து மணிக்கு அந்த ஒழுங்கையால்தான் வருவார். யாராவது நில் என்றால் அட்டையைக் காட்டுவார். எங்கள் ஊரில் அப்படித்தான், அட்டை எடுக்கச் சுணங்கினால் சுடுவார்கள்.”

ரெட்டோ பெயரைத் திருப்பிச் சொல்லப் பார்த்தான், வரவில்லை.

“முகத்தை மூடாமல் வரச் சொல்,” என்றான்.

“இருபத்தைந்து பாகைக் குளிரிலா?”

“அப்படியென்றால் கையை வெளியே வைத்திருக்கச் சொல். இருட்டில் எனக்கு என்ன தெரியும்? நான் என்ன செய்ய?”

வெறும் பிஸ்டலை நிலத்தை நோக்கிப் பிடித்து விசையை இழுத்துப் பார்த்தான். இறுக்கமாக இருந்தது. குறை சொல்லவில்லை. அதை உறைக்குள் வைத்துக்கொண்டு போனான்.

சிவநேசன் அறைக்கு வந்தபோது பாலேந்திரன் அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். வியாழன் அவருக்கு ஓய்வு நாள்.

“அண்ணை, இனிமேல் ஆரும் ஹால்ற் எண்டால் கையைச் சட்டைக்குள்ள விடாதேங்கோ. ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ.”

“உனக்கென்ன விசரோ? அட்டையைக் காட்டாமல் கையைத் தூக்கினால், இவனிட்ட அட்டை இல்லையெண்டு போட்டுத் தள்ளிப்போடுவாங்கள்.”

“அது அங்க, அண்ணை.”

“துவக்குக்காரன் எங்கயும் துவக்குக்காரன்தான். நீ போய் முகத்தைக் கழுவு. பேயறைஞ்சவன் மாதிரி நிக்கிறாய்.”

“அண்ணை, அண்டைக்கு அவன் அமத்தினது ரோச் இல்லை.”

கத்தி நின்றது. சிவநேசன் சொல்லி முடிக்கும்வரை அவர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு ஒருமுறை சிரித்தார். அந்தச் சிரிப்புப் பாதியில் அறுந்தது. சுவரோடு சாய்ந்து நிலத்தில் உட்கார்ந்தார்.

“இதில இருந்து அந்தக் கதவடிக்கு எவ்வளவு தூரமடா?”

“ஆறடி வரும்,” என்றபடி சிவநேசனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அவ்வளவுதான் இருந்தது.” நெஞ்சைத் தடவிப் பார்த்தார். “நான் அவனுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டனான். அப்ப ஏன் அது வெடிக்கேல்லை?”

“நான் கிறீஸ் கூடுதலாப் போட்டிட்டன்.”

“நீயோ?”

“ஓம்.”

அவர் சிவநேசனின் கையை எட்டிப் பிடித்தார். வெங்காயச் சாறு பட்ட ஈரக் கை. விடவில்லை. அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. இருவரும் எழும்பவில்லை.

“இப்ப அதை என்ன செய்தனீங்கள்?”

“திருத்திக் குடுத்தாச்சு.”

“வெடிக்குமோ?”

“வெடிக்கும்.”

“பனிக்குள்ளயும்?”

“ஓம் அண்ணை. பனிக்குள்ளயும்.”

பாலேந்திரன் அண்ணை கையை விட்டார். எழும்பி அடுப்பை அணைத்தார். கொழுவியில் தொங்கிய ஜாக்கெட்டை எடுத்துப் போட்டு, அறையின் நடுவில் வந்து நின்றார்.

“கத்து பாப்பம்.”

“என்னண்டு?”

“அவன் கத்தினமாதிரி.”

“ஹால்ற்!” என்று சிவநேசன் கத்தினான்.

அவருடைய வலது கை தானாக ஜாக்கெட்டுக்குள் போனது. அவர் அதைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய கையோ போல. வெளியே எடுத்தார்.

“திரும்பவும்.”

கத்தினான். கை திரும்பவும் உள்ளே போனது. ஐந்தாம் முறையும் போனது. ஆறாம் முறை நெஞ்சுவரை வந்து நின்றது. மேலே போகவில்லை.

நாளை பின்னேரம் ஐந்து மணிக்கு இன்னும் இருபத்திரண்டு மணித்தியாலம் இருந்தது.

“இன்னும் கொஞ்சம் பலமாக் கத்தடா,” என்றார்.