எண்பத்து மூன்றாம் துண்டு

1

இக்கதை ஒரு பொதியிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கனடாவிலிருந்து முல்லைத்தீவுக்கு வந்த பொதி. பெற்றுக்கொண்டவர் பரமலிங்கம், மனைவியை இழந்து தனியே வாழும் கடற்றொழிலாளி. உள்ளே, ஒட்டிச் சேர்க்க வேண்டிய மாதிரிப் படகு ஒன்று, எண்பத்து மூன்று பிளாஸ்டிக் துண்டுகளாகக் கிடந்தது.

எழுதத் தொடங்குமுன் ஆனைமுகனை வேண்டுவது மரபு. வேண்டினேன். வந்த முதல் வரி இது:

ஆர்கலி சூழ்ந்த முல்லைத்தீவின் கரையில் அன்று அலைகள்—

(அடித்துவிட்டேன். பரமலிங்கம் அன்று கடலைப் பார்க்கவேயில்லை. பெட்டியின் மேலிருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.)

2

படத்தில் இருந்தது கடற்படையின் போர்க்கால ரோந்துப் படகு. கடலில் அந்தப் படகின் முகத்தைக் கண்டு மூன்று முறை வலையை அறுத்துவிட்டுக் கரைக்கு ஓடியவர் அவர்.

"பிள்ளை, கடையில வேற படகே கிடைக்கேல்லையோ?"

"அப்பாக்குப் படகெண்டா விருப்பமெண்டு எடுத்தனான். ஏனப்பா, பிழையே?" என்றாள் பொதியை அனுப்பிய மகள் கஜேந்தினி, கனடாவிலிருந்து தொலைபேசித் திரையில்.

"பிழையில்லை. ஆளை முந்தியே தெரியும்."

"இந்த வயசிலயும் தனிய இருக்கலாமெண்டா, கை நடுங்காமல் முழுசா ஒட்டிக் காட்டுங்கோ. ஞாயிற்றுக்கிழமை பாப்பன். ஒரு துண்டு மிஞ்சினாலும் பிளேன் ரிக்கற் போட்டு இஞ்ச கூப்பிட்டிடுவன். அங்க தனிய விடமாட்டன்."

"அந்தக் குளிருக்க நடுங்காத கையும் நடுங்குமே, மோள்!"

அவள் சிரிக்கவில்லை.

3

முற்பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டே ஒட்டினார். பிற்பகுதியில் தடுமாறினார்.* வழிகாட்டித் தாளைப் பார்க்கக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை. ஆகவே தம் மீன்பிடிப் படகில் வலை கிடக்கும் அதே இடத்தில், இதிலும் ஒரு பிடி நூலை வலைபோல் சுருட்டி வைத்தார்.

* அந்தப் படகின் பின்புறத்தை அவர் ஒருநாளும் கண்டதில்லை. துரத்தப்படுபவருக்கு முகதரிசனம் மட்டுமே வாய்க்கும்.

4

மிஞ்சியது எண்பத்து மூன்றாவது துண்டு: பாதித் தீக்குச்சியளவு பீரங்கிக் குழல். ஒட்டினால், தம்மைக் குறிபார்த்ததைத் தம் கையாலேயே நிமிர்த்தியவர் ஆவார். ஒட்டாவிட்டால் கனடா.

முடிவு அ: அழுதுகொண்டே ஒட்டுகிறார். (நெய்தல் நிலத்துக்கு இரங்கலை வகுத்தது இலக்கணம். மனிதரோ சிரித்துக்கொண்டிருக்கிறார்.)

முடிவு ஆ: குழலைக் கொடிக்கம்பமாக நடுகிறார். (அழகாயிருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இ: கைதவறி விழுந்த குழலைக் கோழி விழுங்கு—

"ஐயா," என்று பரமலிங்கம் என் பக்கம் திரும்பினார். "கோழியை விடுங்கோ, அது பாவம். என்ர கை நடுங்குதெண்டு எழுதிப்போட்டியளோ?"

இன்னும் இல்லை என்றேன்.

"எழுதாதேங்கோ. எனக்கு ஒட்டத் தெரியும்; ஒட்ட மனமில்லை. அதைப் பிள்ளைக்கு எப்பிடிச் சொல்லுறது? எங்க, நீங்கள் ஒருக்கா ஒட்டுங்கோ பாப்பம்."

அவர் நீட்டிய சாமணத்தை, அந்தச் சிறு இடுக்கியை, வாங்கிக் குழலைப் பற்றினேன். நடுங்கியது என் கை.

5

ஞாயிற்றுக்கிழமை. தொலைபேசி அடிக்கிறது. பூசிய பசை காய ஒரு நிமிடமே இருக்கிறது. பரமலிங்கம் என்னைப் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

வாசகரே, இதோ சாமணம், குழலோடு. கவனமாகப் பிடியுங்கள், கோழி இன்னும் காலடியில்தான் நிற்கிறது.