நாற்பத்தேழாவது நாள்

கடலூர் முதுநகரிலிருந்து தினமும் ரயிலேறி சிதம்பரம் வந்து, ஒரு கல்லூரியின் மருத்துவ அறையில் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். 2011இல் எங்கள் டாக்டர் அமராவதி, கருவைக் கலைக்கும் மாத்திரையை அங்கேயே கொடுக்க முறைப்படி அனுமதி வாங்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள் நான். வேலையை விடவும் துணிச்சல் இல்லை, உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கயல்விழி வந்தாள். குமராட்சிப் பெண், இரண்டாம் ஆண்டு வேதியியல். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியைக் கேட்டு விரல்விட்டு எண்ணினேன். நாற்பத்தேழு நாள். நாற்பத்தொன்பது நாள் வரைக்கும்தான் டாக்டர் மாத்திரை தருவார்.

"வூட்டுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திடுவாங்க சிஸ்டர். இன்னிக்கே டாக்டரப் பாக்கணும்," என்றாள்.

டாக்டர் உள் அறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவுங்க கெளம்பிட்டாங்கம்மா. சனி, ஞாயிறு லீவு. திங்கக்கெழம வா," என்றேன்.

வாய் கூசவில்லை. இரண்டு நாள் யோசித்தால் மனம் மாறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பாவத்தைத் தடுத்த பெருமை வேறு. அன்று ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்ததைக்கூட ஆண்டவர் கொடுத்த கூலி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை முதல் ஆளாக நின்றாள். மனம் மாறவில்லை. டாக்டர் கணக்குப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஒரு நாள் தாண்டிடுச்சேம்மா. இனிமே கடலூர்ல ஆஸ்பத்திரியில சேந்துதான் பண்ணணும்."

அங்கே, கூட ஆள் இல்லாமல் சேர்க்க மாட்டோம் என்றுவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அம்மாவைக் கூப்பிட்டாள். கரு கலைந்தது, படிப்பும் நின்றது. அத்தை மகனுக்கு நிச்சயமும் செய்துவிட்டார்கள். பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் அந்தப் பொய்யைத் தவிர எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

ஹாஸ்டலிலிருந்து பெட்டியை எடுக்க வந்தவள், அம்மாவை வெளியே நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"என் தப்புதான் சிஸ்டர். அன்னிக்கு லேபுக்குப் போவாம காலைலயே வந்திருந்தா டாக்டர் இருந்திருப்பாங்க. நீங்க மட்டுந்தான் மொகம் சுளிக்காம பேசுனீங்க."

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம். அவள் என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்து அதைவிடப் பெரிய பயம்.

"சரி, உடும்மா. தெரியாம செஞ்சதுதான," என்றேன், என்னவோ நான் அவளை மன்னிப்பதுபோல.

"தேங்க்ஸ் சிஸ்டர்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.